பதினாறு நாள் தீட்டும் முப்பத்தோராவது ஓட்டும்

சென்னை ராஜதானிச் சட்டசபைக்கு நம்மவர்களும் ஆள் தேர்ந்தெடுத்து அனுப்பலாம் என்று சர்க்கார் பெரிய மனசு பண்ணியிருந்த காலம் அது. நம்மவர்கள் என்றால் எல்லோரும் என்று நினைத்துவிடக் கூடாது. தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற லட்சக்கணக்கான ஜனங்களில் ஓட்டுள்ளவர்கள் முப்பத்தொரு பேர். எல்லோரும் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு மெம்பர்கள். மற்ற ஜனங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஓட்டுக் கேட்டு வந்த அபேட்சகர்களின் குதிரை வண்டி கிளப்பிய புழுதி பேதமில்லாமல் எல்லோருக்கும் கிடைத்தது.

அந்த முப்பத்தொரு பேரில் ஒருவர் சேரன்மகாதேவி சிவசைலம் பிள்ளை. பத்துக் கோட்டை விதைப்பாட்டு வயலும் ஒரு தென்னந்தோப்பும் உள்ளவர். நாலு வருஷத்துக்கு முன் கலெக்டர் துரை அந்தத் தோப்பில் கூடாரம் அடித்தபோது, இரண்டு குலை இளநீரை இறக்கி வைத்துவிட்டு, பேசப் பயந்து கைகட்டி நின்றார். ‘இவ்வளவு நேரம் பேசாமல் நிற்கிறவன் பெரிய விவேகியாக இருக்க வேண்டும்’ என்று துரை அவர் பெயரைத் தாலுகா போர்டுக்கு எழுதிவிட்டுப் போய்விட்டார். இந்த நாலு வருஷத்தில் போர்டு கூட்டங்களில் பிள்ளை மொத்தம் ஒரே வார்த்தைதான் பேசியிருக்கிறார். அது ‘ஆகட்டும்’.

அபேட்சகர்கள் இரண்டு பேர். ஒருவர் ராவ் பகதூர் அம்மையப்ப பிள்ளை. பெரிய மிராசுதார். பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள இடமில்லாதபடி பட்டங்கள் சேர்ந்துவிட்டதால் முன்னால், சட்டசபை மெம்பர் ஆனால் கிடைக்கிற ‘கனம்’ என்பதைப் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டார். மற்றவர் வக்கீல் சாம்பசிவ ஐயர். அவருக்கும் அதே ஆசைதான்; ஆனால் அவர் அதை ‘தேச சேவை’ என்று சொல்லப் பழகியிருந்தார். இரண்டு பேரும் ஆளுக்குப் பத்தாயிரம் நோட்டீஸ் அச்சடித்தார்கள். முப்பத்தொரு பேருக்கு இருபதாயிரம் நோட்டீஸ். அதில் ஏழு பேருக்கு எழுத்து வாசனையே கிடையாது. திருநெல்வேலியில் நடந்த கூட்டத்துக்கு ஐந்நூறு பேர் வந்தார்கள். அதில் ஓட்டுள்ளவர் ஒரே ஒருவர், அவரும் மாலையும் கழுத்துமாக மேடையில் தூங்கிப்போனார். ராவ் பகதூர் இரண்டு வயலை விற்றார். வக்கீல் மாமனாரின் வயலை விற்றார்.

ஆடி முடிவதற்குள் கணக்குத் தெளிந்துவிட்டது. பதினைந்து பேர் இவருக்கு, பதினைந்து பேர் அவருக்கு. மிச்சம் சிவசைலம் பிள்ளை. அவர் போடாவிட்டால் குலுக்குச் சீட்டுத்தான்.

பிள்ளைக்கோ அந்த நேரத்தில் ராஜதானியும் சட்டசபையும் ஒன்றும் மனசில் இல்லை. மகள் சண்முகசுந்தரிக்கு ஆவணி பதினாலு காலை முகூர்த்தம். மாப்பிள்ளை பாளையங்கோட்டைப் பையன். கொழும்பில் கணக்கெழுதுகிற உத்தியோகம். பதினேழாம் தேதி தூத்துக்குடியில் பெண்டாட்டியோடு கப்பல் ஏற வேண்டும். ஓட்டுச் சீட்டில் கையெழுத்துப் போடவேண்டிய கடைசி நாளும் அதே பதினாலுதான், சாயங்காலம் ஐந்து மணிக்குள். சாட்சி ஆபீசர் என்று ஒருவர் ஊருக்கே வருவார். அவர் முன்னிலையில் போட வேண்டும்.

ராவ் பகதூர் முதலில் வந்தார். ஒரு தார் பழம், ஒரு மூட்டை சர்க்கரை, பின்னால் ஒரு நாகசுர கோஷ்டி.

“கல்யாணத்துக்கு மேளம் என் செலவு வே. தாலி ஏறினதும் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.”

“ஆகட்டும் அண்ணாச்சி,” என்ற பிள்ளை, மரியாதைக்காக ஒரு கேள்வியும் கேட்டு வைத்தார். “சட்டசபைக்குப் போயி என்ன செய்யுததா உத்தேசம்?”

ராவ் பகதூருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. “போவேன். போறதுதான வே பெரிய காரியம்? கவர்னர் துரைக்கு வலது பக்கம் நாலாவது நாற்காலி. நான் அதுல உக்காந்தா, நம்ம ஜில்லாவே உக்காந்த மாதிரி. துரை சிரிச்சா சிரிப்பேன். துரை எந்திரிச்சா எந்திரிப்பேன். இதுக்கெல்லாம் பழக்கம் வேணும்லா?”

மறுநாள் வக்கீல் வந்தார். கூடவே அவருடைய குமாஸ்தா வைத்தி, கையில் காகிதக் கட்டோடு.

“நான் நூத்திருபது கேள்வி எழுதி வெச்சிருக்கேன், பிள்ளைவாள்,” என்றார் வக்கீல். “ஒவ்வொண்ணையும் எழுந்து நின்னு கேப்பேன்.”

“பதில் சொல்லுவாங்களா சாமி?”

“‘கவனிக்கப்படும்’னு சொல்லுவா. நூத்திருபதுக்கும் அதேதான். அதை அச்சுப் போட்டு உமக்கு ஒரு காப்பி அனுப்பறேன். கேக்கறது நம்ம உரிமை, கவனிக்கறது அவா இஷ்டம். இதுக்குப் பேர்தான் சுதந்திரம்.”

“ஆகட்டும்,” என்றார் பிள்ளை. ஆனால் முற்றத்தில் நாகசுர கோஷ்டி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது வைத்தியின் காதில் விழுந்துவிட்டது. ஓட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவனுக்கு மேற்கொண்டு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆவணி நாலாம் தேதி தந்தி வந்தது. அந்தக் காலத்தில் தந்தி வந்தால் முதலில் அழுதுவிட்டு அப்புறம்தான் பிரிப்பார்கள். பிள்ளையின் மனைவி கோமுவும் அப்படியே அழுதாள். பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூட்டிவந்து வாசிக்கச் சொன்னதில், அழுதது வீண்போகவில்லை என்று தெரிந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் வாழை இலை வியாபாரம் பார்க்கிற சங்கிலிபூதத்தான் பிள்ளை, ராமேஸ்வரத்தில் கடலாடும்போது முழுகிப்போனார், பிரேதம் கிடைக்கவில்லை. அனுப்பியவர் பெயர் ‘ஒரு நண்பர்’.

சங்கிலிபூதத்தான் சிவசைலத்துக்குப் பெரியப்பா மகன். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. நெருங்கிய பங்காளி இவர்தான். ஸ்ரீவைகுண்டத்துக்கு ஆள் விட்டுப் பார்த்தார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. யாரோ வண்டி கொண்டுவந்து கூட்டிப் போனதாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கிற வழக்கப்படி, பிள்ளை ஆற்றங்கரையில் ஒரு தர்ப்பை அண்ணனுக்குக் கொள்ளி வைத்தார். தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

பங்காளி செத்தால் பதினாறு நாள் தீட்டு. நாலும் பதினாறும் இருபது. முகூர்த்தம் பதினாலு.

பாளையங்கோட்டையிலிருந்து பதில் உடனே வந்தது. துக்கத்துக்கு வருந்துகிறோம், கப்பல் காத்திருக்காது, பதினாலாம் தேதி இல்லையென்றால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம். சண்முகசுந்தரி கூறைப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். இரண்டு தடவை மடிப்பு சரியில்லை என்று எடுத்து மறுபடி மடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சிவசைலம் பிள்ளைக்குச் செத்துப்போன அண்ணன் மேல்கூடக் கோபம் வந்தது.

துக்கம் கேட்க ராவ் பகதூர் வந்தார். பிள்ளையின் மொட்டைத் தலையைப் பார்த்தார், மீசை இல்லாத முகத்தைப் பார்த்தார், கடைசியில் கையைப் பார்த்தார்.

“வலது கை நல்லாத்தான வே இருக்கு?”

“தீட்டு அண்ணாச்சி. சுப காரியத்துல கை வைக்கக் கூடாதுல்லா.”

“ஓட்டு சுப காரியமா, அசுப காரியமான்னு யாருவே சொன்னா?”

யாரும் சொல்லியிருக்கவில்லை. எந்தச் சாஸ்திரத்திலும் அது இல்லை. ஆகவே ராவ் பகதூர் ஒரு பண்டிதரைக் கொண்டுவந்தார். செய்தி தெரிந்து வக்கீலும் ஒரு பண்டிதரை அனுப்பினார். சிவசைலம் பிள்ளையின் முற்றத்தில் ஒன்றரை நாள் வாதம் நடந்தது. ஓட்டு என்பது ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுப்பது, ஆகவே தானம், தீட்டுக்காரன் தானம் கொடுக்கக் கூடாது என்றார் வக்கீலின் பண்டிதர். ராவ் பகதூரின் பண்டிதர் மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டுச் சாவதானமாக எழுந்தார்.

“தானம்னா பலன் இருக்கணும். ஓட்டுப் போடறவனுக்குப் பலன் உண்டா? கிடையாது. வாங்கறவர் பட்டணம் போறார், உட்கார்றார், திரும்பறார். அதனால ஒரு துளி மழை உண்டா? ஒரு மடை உடைப்பு அடைபடறதா? ஒரு பைசா தீர்வை குறையறதா? ஒண்ணும் கிடையாது. ஆகையினால ஓட்டு பலனற்ற கர்மம். தலையைச் சொறிஞ்சுக்கற மாதிரி. அதுக்குத் தீட்டு பாதகமில்லை.”

ராவ் பகதூர் எழுந்து அவருக்குச் சால்வை போர்த்தினார். அந்தத் தீர்ப்பைத் தம் பெயரோடு சேர்த்துப் பத்தாயிரம் பிரதி அச்சடித்து ஜில்லா முழுக்க ஒட்டச் சொன்னார்.

“அப்பம் கல்யாணத்தையும் நடத்திரலாமா அண்ணாச்சி?” என்று சிவசைலம் பிள்ளை ஆவலோடு கேட்டார்.

“அது எப்படி வே? கல்யாணத்துக்குப் பலன் உண்டே. தீட்டு தீட்டுத்தான். சாஸ்திரத்தை ஒரு காரியத்துக்கு வளைக்கலாம், ரெண்டு காரியத்துக்கா வளைக்க முடியும்?”

பத்தாம் தேதி, உவரியிலிருந்து கருவாட்டு வண்டியோடு வந்த சாலோமி என்கிறவள், சந்தையில் வழி விசாரித்துக்கொண்டு பிள்ளை வீட்டுக் கொல்லைப்புறத்தில் வந்து நின்றாள்.

“அம்மா, இது சிவசைலம் பிள்ளை வீடுதான? நார்த்தங்காய் ஊறுகாய் வாங்கிட்டு வரச் சொன்னாக.”

“ஆரு சொன்னா?” என்றாள் கோமு.

“எங்க வீட்டுல ஒரு பிள்ளை தங்கியிருக்காக. வைத்தி ஐயர்னு ஒருத்தரு கொண்டாந்து விட்டாரு. கடல்தண்ணியில குளிச்சா வாதம் போவுமாம், வக்கீலு செலவாம். மீன் வாடை ஆகலன்னு மூக்கைப் பொத்திக்கிட்டு நாலு ஆளு சோத்தைத் திங்காக. ‘சேரன்மாதேவியில எந் தம்பி பெண்டாட்டி போடுத ஊறுகாய் இருந்தா இன்னும் ரெண்டு கவளம் இறங்கும்’னு ஒரே புலம்பல்.”

“பேரு என்ன சொன்னாக?”

“சங்கிலிபூதத்தான்.”

கோமு கொல்லைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்துபோய் ஒரு பரணி நிறைய ஊறுகாய் எடுத்துக் கொடுத்தாள்.

சிவசைலம் பிள்ளைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மேல்துண்டுகூட இல்லாமல் ராவ் பகதூரிடம் ஓடினார். ராவ் பகதூருக்கும் பரம சந்தோஷம். எதிரியின் சதியை அம்பலப்படுத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? மறுநாளே உவரிக்கு வண்டி போயிற்று. சங்கிலிபூதத்தான் பிள்ளையை நாகசுரம், வேட்டு, வாழை மரம் கட்டிய வில்வண்டி சகிதம் ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். தாம் செத்துப்போன விஷயம் அவருக்குச் சேரன்மகாதேவி எல்லையில்தான் தெரிந்தது.

“ஏலே சிவசைலம், எனக்கா லே கொள்ளி வச்ச?” என்றார் தம்பியின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு. “சரி, காரியச் சாப்பாட்டுல பாயசம் உண்டா?”

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். வைத்தி அசரவில்லை. வக்கீலின் பண்டிதரைக் கூட்டிக்கொண்டு மறுபடி முற்றத்துக்கு வந்தான்.

“இவர் உயிரோட இருக்கார்ங்கறது லோக வியவகாரம்,” என்றார் அந்தப் பண்டிதர். “சாஸ்திரப்படி இவர் எரிஞ்சு சாம்பலாயாச்சு. திரும்பி வரணும்னா மறுபடி பிறந்துதான் வரணும். பெரிய பாத்திரத்துல ஜலம் விட்டு, உள்ளே உட்கார வெச்சு, வெளியே எடுத்து, நாக்குல தேன் தடவி, காதுல பேர் சொல்லணும். பிறந்தாச்சுன்னா பங்காளிகளுக்குப் பிறப்புத் தீட்டு. பதினாறு நாள்.”

செத்தாலும் பதினாறு, பிழைத்தாலும் பதினாறு. சிவசைலம் பிள்ளை ராவ் பகதூரின் முகத்தைப் பார்த்தார்.

“அவர் சொல்லுததும் நியாயந்தான்,” என்றார் ராவ் பகதூர். “ஆனா நமக்கென்ன? ஓட்டுக்குத் தீட்டு கிடையாதுன்னு பத்தாயிரம் நோட்டீஸ் ஒட்டியாச்சு. கல்யாணத்தைப் பைய வச்சுக்கிடலாம்.”

அதுவரை கதவுக்குப் பின்னால் நின்றிருந்த கோமு முற்றத்துக்கே வந்துவிட்டாள். பெரிய மனுஷர்கள் நாலு பேர் இருக்கிற இடத்துக்கு அவள் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை.

“எம் மக கழுத்துல தாலி ஏறாம இவுக பேனாவைத் தொடமாட்டாக. பெரியவுக யோசிச்சு முடிவு சொல்லுங்க.”

எல்லோரும் சிவசைலம் பிள்ளையைப் பார்த்தார்கள். “ஆகட்டும்,” என்றார் அவர்.

ராவ் பகதூர் தம் பண்டிதரை மாட்டுத்தொழுவத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்துக்குள் சாஸ்திரம் திருந்திவிட்டது. உயிரோடு இருப்பதால் சாவுத் தீட்டு ரத்து. சடங்கு இன்னும் நடக்காததால் பிறப்புத் தீட்டு இனிமேல்தான். ஆகவே சங்கிலிபூதத்தான் பிள்ளை இப்போது சாகவும் இல்லை, பிறக்கவும் இல்லை. அப்படிப்பட்டவரால் யாருக்கும் ஒரு தோஷமும் கிடையாது. பதினாலாம் தேதி காலையில் தாலி, தாலி ஏறியதும் ஓட்டு, அப்புறம் சாவகாசமாக அவர் பிறந்துகொள்ளலாம்.

பாளையங்கோட்டைக்கு ஆள் ஓடியது. கோமு அன்று சாயங்காலமே வைத்தியைக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டாள்.

“ஐயரே, நீரு செஞ்ச காரியத்துக்கு உம்ம முகத்துலயே முழிக்கக் கூடாது. இருந்தாலும் கேக்கேன். தாலி ஏறி கெட்டிமேளம் கொட்டினதும், கொல்லையில வச்சு உம்ம பண்டிதரை விட்டுப் பெரியத்தானுக்குப் பிறப்புச் சடங்கை நடத்திருவீரா? அண்டா நான் தாரேன்.”

வைத்திக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. “நடத்திடறேன் மாமி, நடத்திடறேன்!” என்று கும்பிட்டுவிட்டுப் போனான். சாப்பிடும்போது கோமு இதைச் சொன்னாள். சிவசைலம் பிள்ளை நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு யோசனையை முழுக்கப் புரிந்துகொண்டு ‘ஆகட்டும்’ என்றார்.

பதினாலாம் தேதி காலை பந்தல் நிரம்பியிருந்தது. ராவ் பகதூர் முதல் வரிசையில். வக்கீல் அதே வரிசையின் மறு முனையில், அழைப்பில்லாமலே வந்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் சாட்சி ஆபீசர். அவருக்காகத் தனி மேஜை, அதன்மேல் ஓட்டுச் சீட்டு, மைக்கூடு, பேனா. ராவ் பகதூர் அந்தப் பேனாவுக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்.

தாலி ஏறியது. கெட்டிமேளம் கொட்டியது. சண்முகசுந்தரி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. மகள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்கக்கூட விடாமல் ராவ் பகதூர் அவருடைய முழங்கையைப் பிடித்து மேஜைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

சாட்சி ஆபீசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிகளை வாசிக்க ஆரம்பித்தார். மொத்தம் பத்தொன்பது விதிகள். ஒன்றையும் விடவில்லை.

“...மேற்படி ஓட்டானது எவ்விதமான பலவந்தமோ தூண்டுதலோ இன்றி, ஓட்டரின் சுயேச்சையான மனதுடன் அளிக்கப்பட்டதென நான் அத்தாட்சி செய்ய வேண்டியது. ராவ் பகதூர் அவர்களே, அவருடைய கையைக் கொஞ்சம் விட்டால் நல்லது. கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா?”

ராவ் பகதூர் வலது கையை விட்டுவிட்டு இடது கையைப் பிடித்துக்கொண்டார். சிவசைலம் பிள்ளை பேனாவை எடுத்து மையில் தோய்த்தார்.

கொல்லைப் பக்கமிருந்து சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது. வைத்தி தலைதெறிக்க ஓடிவந்தான்.

“பிறந்தாச்சு! பிறந்தாச்சு! புருஷப் பிரஜை!”

பின்னாலேயே சங்கிலிபூதத்தான் பிள்ளை, சொட்டச் சொட்ட நனைந்து, நாக்கில் தேனைச் சப்புக்கொட்டிக்கொண்டு வந்தார். “ஏலே, இலை போட்டாச்சா?”

சிவசைலம் பிள்ளை பேனாவைக் கீழே வைத்தார்.

“தீட்டு வந்துட்டு அண்ணாச்சி. பதினாறு நாளைக்கு நான் ஒண்ணையும் தொடக்கூடாது.”

“என்னவே சொல்லுதீரு!” என்று கத்தினார் ராவ் பகதூர். “ஓட்டுக்குத் தீட்டு கிடையாதுன்னு தீர்ப்பு ஆயிருக்குவே! பத்தாயிரம் நோட்டீஸ்!”

மறு முனையிலிருந்து வக்கீல் பாய்ந்து வந்தார். “தீட்டு தீட்டுதான்! எங்க பண்டிதர் அன்னிக்கே சொன்னார்!” என்றவர், பேனாவில் இன்னும் மை காயாமல் இருப்பதைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். “ஆனா பிள்ளைவாள், அவர் சொன்னது இவருக்குப் போடற ஓட்டைப் பத்தி. எனக்குப் போடறதா இருந்தா, அதுக்குச் சாஸ்திரத்துல இடம் இருக்கான்னு ஒரு நிமிஷத்துல கேட்டுச் சொல்றேன்.”

சாட்சி ஆபீசர் இருபதாவது விதி ஏதாவது இருக்கிறதா என்று காகிதத்தைப் புரட்டினார்.

சிவசைலம் பிள்ளை இரண்டு பேரையும் பார்த்தார். போர்டில் நாலு வருஷம் பேசாமல் இருந்ததெல்லாம் சேர்ந்து அன்றைக்கு வாய்க்கு வந்தது.

“ராவ் பகதூர் அண்ணாச்சி, உங்க நோட்டீஸை நான் எழுத்துக் கூட்டி வாசிச்சேன். தீட்டு இல்லைன்னதுக்குக் காரணமும் அதுல போட்டிருக்கு. ஓட்டு பலனில்லாத காரியமாம். நீங்களே கையெழுத்துப் போட்டு ஊரு பூரா ஒட்டியிருக்கிய. பலன் இல்லாத காரியத்துக்கு ரெண்டு வயலை வித்திய, இந்தச் சாமி ஒரு மனுஷரைக் கொன்னு கடல்ல போட்டாரு, எம் மக அழுதத நீங்க ரெண்டு பேருமே பாக்கல. போதும். சமையல் அண்ணன் பிறக்கதுக்கு முந்தியே முடிஞ்சிட்டு. அதுல தீட்டு இல்ல. ரெண்டு பேரும் போயி இலையில உக்காருங்க. நாலாவது இலைதான் வேணும்னாலும் போடச் சொல்லுதேன்.”

ராவ் பகதூர் உட்காரவில்லை. வக்கீல் உட்கார்ந்தார், பசி நேரம். சாட்சி ஆபீசர் மேஜையைவிட்டு எழுந்து இரண்டு தரம் பாயசம் வாங்கிக்கொண்டார்.

ஐந்து மணி ஆயிற்று. பதினைந்துக்குப் பதினைந்து என்று எழுதி முத்திரை வைத்தார்கள். பிறகு திருநெல்வேலியில் இரண்டு பெயரையும் துண்டுக் காகிதத்தில் எழுதி, ஒரு செம்பில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தார்களாம். யார் பெயர் வந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லி உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை; அவர் சட்டசபையில் உட்கார்ந்திருந்த மூன்று வருஷமும் இந்த ஜில்லாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை.